எர்த் இல்லாத வீடு

வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த கதை நம் வயதுக்காரர்கள் எல்லோரிடமும் ஒன்று இருக்கும். யாராவது ஆரம்பித்தால் போதும், ஆளாளுக்குச் சொல்வார்கள். நான் மட்டும் இதுவரை சொன்னதில்லை. இப்போதும் சொல்லியே ஆக வேண்டும் என்று ஒன்றுமில்லை. நாற்பதை நெருங்கிவிட்டோம். கொஞ்சம் அலுப்பாக இருக்கிறது. இதை வைத்துக்கொண்டிருப்பதும் அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

சிட்லபாக்கத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. கட்டி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அப்பாவுக்குக் கிண்டியில் அலுவலகம். செக்‌ஷனுக்கு அவர்தான் மேலாளர். இரண்டாயிரத்து ஒன்றில் அவர் அறைக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றின் முன்னால் உட்கார, அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேரைப் போட்டார்கள். ஒரு கடிதம் தயாராக வேண்டுமென்றால் அப்பா அவர்களுடைய நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, குனிந்து, "இந்த வரியைக் கொஞ்சம் மாத்துப்பா" என்று கேட்க வேண்டும். இதெல்லாம் ரொம்ப வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது அவர் சொன்னது, "குழந்தை எட்டாவது வந்துட்டா, கம்ப்யூட்டர் இல்லாம இனிமே படிப்பு கிடையாது" என்பதுதான்.

வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எதை வாங்குவது என்பதில்தான் ஒரு மாதம் ஓடியது. பிராண்டடா, அசெம்பிள் செட்டா? கம்பெனியே பூட்டி, மூடி, ஸ்டிக்கர் ஒட்டித் தருவதா, இல்லை ரிச்சி தெருவில் சாமான் வாங்கி நாமே பூட்டிக்கொள்வதா? அப்பா ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரிலிருந்து விளம்பரங்களைக் கத்தரித்து கிளிப் போட்டு வைத்திருந்தார். அலுவலகத்தில் ஒருவர், "சார், பிராண்டட்னா ஒரு போன் போட்டா ஆள் வருவான். அசெம்பிள்னா நீங்கதான் ஆளைத் தேடிக்கிட்டு அலையணும்" என்று சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அது சரியாகப் பட்டது. ஆனால் கம்பெனிக்காரன் சொன்ன விலையில் அசெம்பிள் செட்டும் வாங்கி அதற்கு மேஜையும் போட்டுவிடலாம். அதனால் அவரால் ஒரு பக்கமாகச் சாயவும் முடியவில்லை.

"ஆளைத் தேடி எங்க அலையறது? பக்கத்து வீட்லயே இருக்காளே" என்றாள் அம்மா.

பக்கத்து வீட்டு அக்காவைத்தான் சொன்னாள். அக்காவுக்கு அப்போது இருபத்தொன்று இருக்கும். டிப்ளமோ முடித்துவிட்டு, தாம்பரத்தில் ஹார்டுவேர் கோர்ஸும் படித்திருந்தாள். அவளுடைய அப்பாவுக்கு, அவள் அத்தா என்பாள், ஸ்டேஷன் ரோட்டில் குழாய்க் கடை. பைப்பு, டேப்பு, வாஷ்பேசின் எல்லாம் விற்பார். தெருவில் எல்லோருக்கும் அவர் பாய், எனக்கு மாமா. கடையின் ஓரத்தில் ஷட்டர் போட்ட ஒரு சின்ன அறை காலியாகக் கிடந்தது. அதைத் தனக்குக் கொடுத்தால் கம்ப்யூட்டர் சேல்ஸும் சர்வீஸும் பார்ப்பேன் என்று அக்கா ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. கடைசியில் ஒரு வழி சொன்னார். "நம்ம சொந்தக்காரங்க யாரும் வேணாம். வெளியாள் ஒருத்தர் உங்கிட்ட வாங்கி, நல்லா கீதுன்னு அவரு வாயால சொல்லட்டும். அப்புறம் ஷட்டருக்குப் பெயின்ட் அடிக்கலாம்."

அந்த வெளியாள் என் அப்பா என்று ஆயிற்று.

அக்கா ஒரு சாயங்காலம் வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசினாள். தலையில் போட்ட துப்பட்டா நழுவ நழுவ இழுத்துவிட்டுக்கொண்டே, அப்பா கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னாள். "சார், கம்பெனி பெட்டிக்குள்ளயும் இதே சாமான்தான். யார் பூட்டினாங்கன்றதுதான் வித்தியாசம். நாளைக்கு மெமரி பத்தலன்னா இதுல நான் ஒண்ணு சேத்துப் போட்டுருவேன். அதுல நீங்க கைய வெச்சாலே வாரண்டி போச்சுன்னுவாங்க."

"கெட்டுப்போச்சுன்னா?"

"ஒரு குரல் குடுங்க சார். சுவத்துக்கு அந்தாண்டதான நான் கீறேன்."

அப்பா சிரித்துவிட்டார். முடிவு அந்தச் சிரிப்பில்தான் ஆனது என்று நினைக்கிறேன்.

ரிச்சி தெருவுக்கு நாங்கள் மூன்று பேர் போனோம். அம்மா, அக்கா, நான். குரோம்பேட்டையில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். அம்மா நல்ல புடவை கட்டி, மல்லிகை வைத்து, கல்யாணத்துக்குக் கிளம்புகிறவள் மாதிரி வந்திருந்தாள். அந்தத் தெருவில் ஈயம் உருக்கும் வாசனையும் புது பிளாஸ்டிக் வாசனையும் கலந்து அடித்தது. கடைக்காரர்கள் எங்களைத் தாண்டிப் பின்னால் பார்த்து, "சார் வரலீங்களா?" என்றார்கள். அக்கா கையிலிருந்த சீட்டை நீட்டுவாள். மதர்போர்டு டப்பாவின் சீல் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பாள். ஒரு கடைக்காரர் மாற்றி எதையோ எடுத்து வைத்தபோது, "அண்ணா, நான் கேட்டது இது இல்ல" என்று அமைதியாகத் திருப்பித் தள்ளினாள். அதன் பிறகு அவர் எங்களுக்குப் பின்னால் யாரையும் தேடவில்லை. அம்மா என் காதில், "பாத்தியா?" என்றாள்.

திரும்பும்போது லேடீஸ் கம்பார்ட்மெண்டில் மானிட்டர் அட்டைப்பெட்டிக்கு ஒரு சீட்டே போய்விட்டது. கீரைக்கட்டோடு ஏறிய ஓர் அம்மா, "இன்னாம்மா டிவியா?" என்று கேட்டாள். "கம்ப்யூட்டர்" என்று நான் சொன்னேன். அப்படிச் சொன்னதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் பழைய போர்வையை விரித்து அக்கா எல்லாவற்றையும் பரப்பினாள். ஒவ்வொன்றையும் எடுக்கும் முன் ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொட்டுக்கொண்டாள். உடம்பில் இருக்கும் கரண்ட் போகத்தான் அப்படி என்றாள். பச்சை நிற போர்டு ஒரு சின்ன ஊர் மாதிரி இருந்தது. நான்கு ஸ்க்ரூவை என்னிடம் கொடுத்து, "முழுசா இறுக்காத, நாலும் உக்காந்ததும் கடைசில இறுக்கலாம்" என்று சொல்லிக்கொடுத்தாள். அப்பா பேப்பர் படிக்கிற மாதிரி வாசற்கதவோரம் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கத்தைக்கூட அவர் திருப்பவில்லை. மதியம் தாண்டி ஒற்றை 'பீப்' சத்தம் வந்தபோது முதலில் கை தட்டியது அவர்தான். அன்று சாயங்காலம் ஒற்றை விரலால் தன் பெயரை அடித்தார். இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவில் புள்ளி எங்கே இருக்கிறது என்று தேடி, கண்டுபிடித்து, அதையும் வைத்தார்.

பத்து நாள் ஓடியது. ஒரு காலையில் அம்மா வெறுங்காலோடு நின்று ஈரத்துணியால் கேபினட்டைத் துடைத்தவள், "ஐயோ" என்று கையை உதறினாள். "சுர்ருன்னுது."

அக்கா வந்தாள். கையில் ஒரு ஹோல்டர், அதில் சின்ன பல்பு, ஹோல்டரிலிருந்து இரண்டு ஒயர். ஒயர்களை பிளக் பாயிண்டின் கீழ் ஓட்டைகள் இரண்டிலும் செருகினாள். பல்பு பளிச்சென்று எரிந்தது. பிறகு ஒன்றை எடுத்து மேலே இருந்த பெரிய ஓட்டையில் வைத்தாள். எரியவில்லை. கூடத்தில், படுக்கையறையில், சமையலறையில் என்று எல்லா பிளக்கிலும் வைத்துப் பார்த்தாள். எங்கேயும் எரியவில்லை.

"சார், வீட்ல எர்த் இல்ல" என்றாள். "மூணு ஓட்டை வெச்சிருக்காங்க, மூணாவதுக்கு ஒயரே வரல. மண்ணுல குழி எடுத்து எர்த் போடணும். அதுவரைக்கும் இத போடாதீங்க. மெஷினும் போயிடும், ஆளுக்கும் நல்லதில்ல."

அப்பா எழுந்து நின்றார். அந்த வீட்டைக் கட்டும்போது அவர் விடுப்புப் போட்டு, குடை பிடித்துக்கொண்டு வேலை பார்த்தவர். "இந்த வீட்டுல ஒவ்வொரு செங்கல்லும் நான் நின்னு பாத்து வெச்சது. மூணு வருஷமா ஃபிரிட்ஜ் ஓடுது, மிக்ஸி ஓடுது. யாருக்கும் ஷாக் அடிக்கல. நீ கொண்டுவந்த பெட்டிதாம்மா அடிக்குது. சுவர் அடிக்கல."

"சார், அது வந்து..."

"சரி, நீ போம்மா. பாத்துக்கலாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பல்பைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் இடியும் மழையுமாகக் கரண்ட் போய்ப் போய் வந்தது. அப்பா கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தார். டப்பென்று ஒரு சத்தம், கருகின வாசனை, அவ்வளவுதான்.

அன்று அவர் நடந்துகொண்டதை எத்தனையோ முறை மனதுக்குள் மாற்றி எழுதிப் பார்த்திருக்கிறேன். மழை விட்டதும் செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினார். மாமா அப்போதுதான் கடையிலிருந்து வந்து வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு மாடியில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அப்பா எப்போதும் சத்தம் போடாதவர். அன்று போட்டார். "பொம்பளப் பசங்க கையில ஸ்க்ரூ டிரைவரக் குடுத்து விளையாட விட்டா இப்படித்தான் பாய் ஆவும். வீடே எரிஞ்சிருக்கும். என் பொண்ணு பக்கத்துலதான் உக்காந்திருந்தா."

நான் பக்கத்தில் இல்லை. சமையலறையில் இருந்தேன்.

மாமா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் அவரே வந்து மன்னிப்புக் கேட்டு, பணத்தை ஒரு கவரில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போனார். பின்னால் அக்கா கேபினட்டை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். மூன்றே நாளில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் ஆன் ஆகும் சங்கீதம் கேட்டது. கருகின பாகத்தை மாற்றிவிட்டிருந்தாள். அவர்கள் வீட்டில் அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்பா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

ஆடித் தள்ளுபடியில் பிராண்டட் வந்தது. வேனில் வந்தது. சட்டையை இன் செய்த இரண்டு பேர் தெர்மாகோலை உடைக்காமல் எடுத்து, பத்து நிமிடத்தில் பூட்டிக் கொடுத்து, அப்பாவிடம் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அப்பா அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். மானிட்டர் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்ற விடவில்லை. துடைக்கப்போன அம்மாவுக்கு மறுபடியும் சுர்ரென்றது. இந்த முறை அப்பா, "புது மெஷின்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி, மேஜைக்குக் கீழே ஒரு ரப்பர் மேட்டைக் கொண்டுவந்து போட்டார்.

ஆவணியில் ஒரு மழை நாளில் அதுவும் அணைந்தது. அதே சத்தம், அதே வாசனை. ஒரு போனில் ஆள் வரவில்லை, நான்கு போனில் வந்தார். வாட்டசாட்டமான ஆள், கழுத்தில் அடையாள அட்டை. பையைத் திறந்து ஒரு ஹோல்டரை எடுத்தார். அதில் சின்ன பல்பு, இரண்டு ஒயர். இரண்டு ஓட்டையில் வைத்தார், எரிந்தது. மூன்றாவதில் வைத்தார்.

"சார், வீட்ல எர்த் இல்ல" என்றார். "குழி எடுத்து எர்த் போடுங்க. இதுக்கு வாரண்டி வராது."

அப்பா, "அப்படிங்களா சார்?" என்றார். தன்னைவிட எவ்வளவோ சின்னவரை சார் என்றார். காபி கொடுக்கச் சொன்னார். அம்மா டம்ளரை வைத்துவிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் திரும்பவே இல்லை.

அந்த வாரமே பக்கவாட்டுச் சந்தில், காம்பவுண்டு சுவருக்கு இந்தப் பக்கம், ஆளுயரத்துக்குக் குழி தோண்டினார்கள். எலக்ட்ரீஷியன், "பைப்பு பாய் கடையிலயே வாங்கிக்கவா சார்?" என்று கேட்டார். அப்பா, "வேணாம், பல்லாவரத்துல வாங்கிட்டு வா" என்றார். கரி ஒரு மூட்டை, உப்பு ஒரு மூட்டை, ஓட்டை போட்ட நீளமான இரும்புக் குழாய் ஒன்று. எல்லாம் சுவரோரம் கிடந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் குழி ஓரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, எதுக்குக் குழி?"

யாரும் எனக்குப் பொய் சொல்லச் சொல்லித்தரவில்லை. அப்பா வீட்டிலேயே இல்லை. நானாகத்தான் சொன்னேன். "மாதுளஞ்செடி வைக்க, மாமா."

அவர் குழியைப் பார்த்தார். உப்பு மூட்டையைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். "நல்லதும்மா. நல்லா வரட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நம்பிவிட்டார் என்று எனக்கு ஒரே நிம்மதி.

அன்று சாப்பிடும்போது அம்மா, "அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றாள். அப்பா ரசத்தைப் பிசைந்துகொண்டே, "இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றார். நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இரண்டு மாதத்துக்குள் ஒரு விஷயம் இவ்வளவு பழசாகிவிடுமா என்று எனக்கு அப்போது கேட்கத் தெரியவில்லை. அம்மா மோரை எடுத்து வந்து ஊற்றினாள். அவளே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எர்த் போட்டு, கைக்காசு கொடுத்துச் சரிசெய்த பிறகு கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடியது. அப்பா இரண்டு கைகளாலும் அடிக்கப் பழகி, யார் நாற்காலிக்குப் பின்னாலும் நிற்காமலேயே ஓய்வு பெற்றார். அடுத்த வருடம் அக்காவைக் கோவிலம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். நாங்களும் போய் பிரியாணி சாப்பிட்டோம். அப்பா பெரிய கவராக வைத்தார். ஷட்டர் போட்ட அறையில் மாமா தண்ணீர்த் தொட்டிகளை அடுக்கினார். பிறகு அவர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். மாமா போய்ச் சேர்ந்த செய்தி யார் மூலமோ வந்தது. அப்பா போய் ஆறு வருடமாகிறது.

போன மாதம் மேடவாக்கம் பக்கம் ஒரு லேபில் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். வெறும் வயிற்றில் ஒரு தடவை கொடுத்துவிட்டு, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை கொடுக்க வேண்டும் இல்லையா, அந்த இரண்டு மணி நேரம். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சிட்லபாக்கம்தான நீ?" என்று கேட்டபோதுதான் குரல் பிடிபட்டது. அக்கா கண்ணாடி போட்டு, கொஞ்சம் பருத்து, முழங்கால் வலி என்று காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் ஒன்றில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் வேலை, பதினாலு வருடமாக. பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் காலேஜ்.

எல்லாம் பேசினோம். அப்பா போனதைச் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அக்கா, அந்தக் குழி மாதுளஞ்செடிக்கு இல்ல. எர்த்துக்கு. மாமாகிட்ட நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். இருபத்தைந்து வருடம் கழித்து, இட்லி சாப்பிட்ட கை காயாமல், லேப் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

அக்கா சிரித்தாள். கோபமே இல்லை. "குழாய்க் கடைக்காரருக்கு எர்த் பைப்பு எதுன்னு தெரியாதா? அத்தா நேரா உள்ள வந்து எங்கிட்ட சொல்ட்டாரு. 'பக்கத்து வூட்ல எர்த் போட்டுகினு கீறாங்கம்மா, உன் மேல தப்பு இல்ல'ன்னாரு."

"அப்புறம் ஏன்க்கா கடை வைக்கல?"

"கேட்டேனே. அன்னிக்கே கேட்டேன். 'அப்ப ரூமக் குடுங்க அத்தா'ன்னேன். அதுக்கு அவரு, 'நான் சொன்னா எவன் கேப்பான்? தெருவுல நின்னு சொன்னவரு வாயால மாத்திச் சொல்லட்டும். நல்ல மனுசன், சொல்லுவாரு. மறுநாளே பெயின்டர வரச் சொல்றேன்'னாரு."

உள்ளே யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள். எங்கள் இரண்டு பேருடையதும் இல்லை. அக்கா முழங்காலை நீவிக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு மாசம் அந்தச் சுவத்தாண்டயேதான்மா துணி காயப் போட்டுகினு இருந்தேன். மாடில கொடி இருந்துச்சு. மாடிக்குப் போனா, உங்கப்பா கூப்ட்டாலோ, அம்மா கூப்ட்டாலோ காதுல விழாதேன்னுட்டு."